'இட்லி'யைத் திருப்பிப் போட்டாலும் இட்லிதானாம், என் நிரல் சொல்கிறது

கேள்வி | 18-07-2025

ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. ஒரு சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் பயிற்சி. ஆங்கிலச் சொற்களுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. 'விகடகவி' கொடுத்தேன், ஆம் என்றது. சந்தோஷத்தில் 'இட்லி' கொடுத்தேன், அதற்கும் ஆம். 'சாம்பார்', ஆம். என் பெயர், அதுவும் ஆம். தமிழுக்கெல்லாம் இது சரிப்படாதா? பேசாமல் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

18-07-2025, இரவு

தம்பி, நிறுத்தாதீர்கள். தமிழில் போட்டுப் பார்த்ததால்தான் இந்தக் கோளாறே உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது குறியாக்கச் சிக்கல், அதாவது எழுத்தைக் கணினி எந்த எண்களாகச் சேமிக்கிறது என்ற முறையில் வரும் கோளாறு. யூடிஎஃப்-8 தமிழையும் தாங்கும் அப்படி ஒரு முறை. பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரி இருக்கிறதா பாருங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும், அதனால் ஹெட் திறந்ததும் முதல் வரியாக அதையே போட்டுவிடுவது நல்லது. நோட்பேடில் எழுதுகிறீர்கள், கணினியும் பழையது என்றால் இன்னொன்று: 2019 மே மாதப் புதுப்பிப்புக்கு முந்தைய விண்டோஸில் நோட்பேட் தானாக யூடிஎஃப்-8-இல் சேமிக்காது. சேமிக்கும் பெட்டியின் அடியில் என்கோடிங் என்று இருக்கும், நாமே மாற்ற வேண்டும்.

நானும் தொடக்கத்தில்தான் இருக்கிறேன். பழனிப் பக்கம் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, ப்ளெக்ஸ், ஜெராக்ஸ். தை மாதத்திலிருந்து இரவில் படிக்கிறேன். ஆடியில் பத்திரிகை வேலை குறைவு என்பதால் கடையின் மாதிரி வாசகங்களை எல்லாம் ஒரு வலைப்பக்கமாகப் போட இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வாடிக்கையாளர் போனிலேயே தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

19-07-2025, காலை

நேற்று நான் சொன்னது தவறு. சார்செட் வரி வேண்டியதுதான், ஆனால் இந்தக் கோளாறுக்கு அது காரணமில்லை. குறியாக்கம் கெட்டிருந்தால் திரையில் எழுத்தே அலங்கோலமாக வந்திருக்கும். உங்களுக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது, விடைதான் தப்பு.

காலையில் கடை திறப்பதற்கு முன் அதே பயிற்சியை எழுதி, வரிக்கு வரி உலாவியின் கன்சோலில், அதாவது நிரலின் விடையை அச்சிட்டுப் பார்க்கும் பெட்டியில், அச்சிட்டுப் பார்த்தேன். (எஃப்12 அழுத்தினால் வரும். எதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு விசையைப் பழகிக்கொள்ளுங்கள்.) ஆங்கிலப் பாடத்தில் இந்தக் கணக்குக்கு முதல் வேலையாக இடைவெளி, காற்புள்ளி, கேள்விக்குறியை எல்லாம் நீக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு ரெஜெக்ஸ் (எந்த வகை எழுத்தைத் தேட வேண்டும் என்று சொல்லும் சுருக்கக் குறிப்பு) கொடுப்பார்கள்: பின்சாய்கோடு போட்ட பெரிய டபிள்யூ. அதற்குப் பொருள் 'சொல்லுக்குரிய எழுத்தாக இல்லாத எல்லாம்'. ஜாவாஸ்கிரிப்டின் கண்ணில் சொல்லுக்குரிய எழுத்து என்றால் ஆங்கிலத்தின் 26, சிறியதும் பெரியதும், பிறகு 0 முதல் 9 வரை, ஒரு அடிக்கோடு. அவ்வளவுதான். 'இட்லி' உள்ளே போகிறது, ஐந்து குறியும் 'எழுத்தில்லை' என்று கழிந்துவிடுகிறது, கையில் வெறும் சரம், அதாவது ஒரு எழுத்தும் இல்லாத சொல். வெறும் சரத்தைத் திருப்பினால் வெறும் சரம். இரண்டும் சமம், ஆகவே ஆம்.

உங்கள் விகடகவியும் அப்படித்தான் தேறியிருக்கிறது தம்பி. விடை சரியாக வந்தது, கணக்கு நடக்கவே இல்லை.

19-07-2025, மதியம்

அந்த ரெஜெக்ஸை எடுத்துவிட்டு ஓட்டினேன். இப்போது 'விகடகவி' இல்லை என்கிறது! திருப்பியதை அச்சிட்டால் தொடக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அதன் மேல் கொக்கி. இறுதி 'வி'யிலிருந்த கொக்கி கழன்று முன்னால் வந்து நிற்கிறது. நமக்கு வி, க, ட, க, வி என்று ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு குறி: வ, அதன் கொக்கி, க, ட, க, வ, கொக்கி. அது ஏழையும் தனித்தனியாகப் பிடித்துத் திருப்புகிறது.

'தமிழ்' என்ற சொல்லின் லெங்த் (நீளம்) கேட்டுப் பாருங்கள், 5 என்று வரும். த, ம, கொக்கி, ழ, புள்ளி. நாம் பள்ளியில் 247 எழுத்து என்று படித்தோம். ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழுக்கு ஒதுக்கிய கட்டமே 128 இடம்தான், அதிலும் 72 இடம்தான் நிரம்பியிருக்கிறது, மீதி காலி. உயிர், உயிர்மெய்க் குறி, அகரம் ஏறிய மெய், புள்ளி, இவற்றை ஒட்டித்தான் மீதி எழுத்தெல்லாம் வருகிறது.

20-07-2025

புள்ளி, காற்புள்ளியை நீக்க வேறு ரெஜெக்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. 2018 முதல் ஜாவாஸ்கிரிப்டில் 'எந்த மொழியின் எழுத்தானாலும்' என்று சொல்ல முடியும்: பின்சாய்கோடு, சிறிய பி, அடைப்புக்குள் எல். கடைசியில் யு என்ற கொடியும் வேண்டும். ஆனால் எல் மட்டும் போட்டு நான் ஏமாந்தேன். ஒருங்குறிக் கணக்கில் துணைக்காலும் கொக்கியும் புள்ளியும் 'எழுத்து' (லெட்டர், எல்) வகையில் வராது, 'ஒட்டுக்குறி' (மார்க், எம்) என்ற தனி வகை. எல் மட்டும் போட்டால் அத்தனையும் உதிர்ந்துபோய்த் 'தமிழ்' என்பது 'தமழ' என்று நிற்கும். எல்-உடன் எம்-ஐயும் சேர்த்தால்தான் சரி.

சோதித்துப் பார்க்க நல்ல சொற்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. தாத்தா, பாப்பா, மாமா, மூன்றும் தேற வேண்டும். மாமி தேறக் கூடாது. எல் மட்டும் போட்ட நிரலில் மாமியும் தேறிவிடுவார், ஏனென்றால் குறி உதிர்ந்தபின் மாமாவும் மாமியும் ஒரே 'மம'.

இனி எழுத்தாகப் பிரிப்பது. அதற்கு உலாவியிலேயே கருவி இருக்கிறது, இன்டெல் செக்மென்டர் என்று பெயர். இன்டெல் என்றதும் சிப் நினைவுக்கு வரும், அதில்லை. இன்டர்நேஷனல் என்பதன் சுருக்கம். குரோமில் 2020-லேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. மொழியாக டிஏ (தமிழின் சுருக்கக் குறியீடு) என்றும் அளவாக கிராஃபீம் (நாம் ஒரு எழுத்தாகப் பார்ப்பது) என்றும் கொடுத்தால் தா, த், தா என்று அழகாகப் பிரித்துத் தருகிறது. ஒரு விஷயம் கவனியுங்கள்: அது தருவது வெறும் எழுத்தில்லை, எழுத்தையும் அது இருந்த இடத்தையும் சேர்த்து வைத்த ஒரு ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றிலிருந்தும் செக்மென்ட் என்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுக்காமல் அப்படியே கோத்துவிட்டேன், திரை முழுக்க ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் என்று வந்தது. அரை மணி நேரம் போயிற்று.

சரியாக எழுதி முடித்ததும் தாத்தா ஆம், மாமி இல்லை, இட்லி இல்லை, விகடகவி ஆம். தேருவருதே, மோருபோருமோ இரண்டும் ஆம். அதோடு விட மனம் வரவில்லை. சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பாட்டு முழுவதையும் கடைசியிலிருந்து படித்தாலும் அதே பாட்டு வரும். முதல் பாட்டை எடுத்து, இடைவெளி நீக்கிக் கொடுத்தேன். நமக்கு 28 எழுத்து, கணினிக் கணக்கில் 56 குறி. ஆம் என்றது. மனிதர் 7-ஆம் நூற்றாண்டில் பாடியதை இரவு பதினொன்றரைக்குக் கடைக் கணினியில் சரிபார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன்.

22-07-2025

இன்று பகலெல்லாம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் இல்லை. 19-ஆம் தேதி காலையில் 'அலங்கோலம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன், அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். என் கடைக்கு வாரம் இரண்டு பேராவது 'தமிழ் தெரிய மாட்டேன் என்கிறது' என்று பென்டிரைவோடு வருகிறார்கள். எப்படித் தெரியவில்லை என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறியும் மாறிமாறி வந்தால், கோப்பு நல்ல யூடிஎஃப்-8, திறப்பவர்தான் வேறு குறியாக்கத்தில் திறக்கிறார். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், முதல் இரண்டு பைட் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் அந்த ஏ-யும் ஆர்-உம் திரும்பத் திரும்ப வருகின்றன. சார்செட் வரி போட்டால் தீர்ந்தது. வெறும் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. எழுத்து பத்திரமாக இருக்கிறது. எல்லாம் கேள்விக்குறியாக இருந்தால்தான் வருத்தமான செய்தி: யாரோ தமிழ் தாங்காத குறியாக்கத்தில் சேமித்துவிட்டார்கள், உள்ளே இருப்பது உண்மையிலேயே கேள்விக்குறிதான், மீட்க வழியில்லை.

நாலாவது வகை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து வருவது. இதுதான் எங்கள் தொழிலில் அதிகம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலம்தான். பத்தொன்பது வருடப் பத்திரிகைகள் என்னிடம் இப்படித்தான் கிடக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டரில் எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள். ஒற்றும் கொம்பும் அங்கங்கே இடம் மாறி நிற்கும்.

27-07-2025

பக்கத்தில் தேடல் பெட்டி வைத்தேன். 'கௌரி' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. கௌரி இருக்கும் மாதிரி நாலு உண்டு, நானே அடித்தது.

இரண்டையும் குறி குறியாகப் பிரித்து அச்சிட்டேன். நான் தேடல் பெட்டியில் அடித்தது நாலு குறி. பழைய கோப்பில் இருந்தது ஐந்து. பழையதில் க, ஒற்றைக் கொம்பு, பிறகு 'ள' என்ற முழு எழுத்து, அப்புறம்தான் ரி. அதாவது கெளரி. திரையில் கௌரி, கெளரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்கள் எல்லோரும் கொம்பு போட்டு ள அடித்துத்தான் ஔகாரம் எழுதினோம், அந்தக் கை இன்னும் மாறவில்லை.

நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது சரிசெய்துவிடும் என்று படித்தேன். அது 'கொ'வைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியே அடித்திருந்தால் ஒன்றாக்கித் தரும். ஆனால் முழு 'ள'வைத் தொட மாட்டேன் என்கிறது, அதைப் பொறுத்தவரை ள ஒரு மெய், குறியில்லை. அதனால் நானே ஒரு வரி எழுதினேன்: கொம்பை அடுத்து ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்று. கௌரி கிடைத்துவிட்டாள். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

28-07-2025

நேற்றைய வரியை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்!

காலையில் பக்கத்தைத் திறந்தால் ஒரு மாதிரியில்கூட வெள்ளிக்கிழமை இல்லை. வெ-வில் கொம்பு இருக்கிறது, அடுத்து ள் வருகிறது, என் வரி இரண்டையும் சேர்த்து ஔகாரம் ஆக்கி, மிச்சமான புள்ளியை அந்தரத்தில் விட்டிருக்கிறது. பத்திரிகை மாதிரியில் வெள்ளிக்கிழமை எத்தனை வரும் என்று நினைத்துப் பாருங்கள். தெளிவு, வெளியூர், எல்லாம் போயிற்று. மாற்றியதைச் சேமித்தும் விட்டேன். முந்தின நாள் பிரதி பென்டிரைவில் இருந்ததால் பிழைத்தேன். தேடலுக்காகத் திருத்துவது வேறு, மூலத்தைத் திருத்துவது வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

03-08-2025

ஆடிப்பெருக்கு, கடைக்கு மதியம் வரைதான். விடை கிடைத்துவிட்டது, எதிர்ப்பக்கமாக யோசித்ததில். தவறானதைச் சரியானதாக மாற்றப் போனால் வெள்ளி கெடுகிறது. சரியானதைத் தவறானதாக மாற்றினால்? ஔகாரக் குறியைப் பார்த்த இடத்தில் எல்லாம் கொம்பும் ளவுமாக ஆக்கிவிடு. தேடும் சொல்லிலும் இதைச் செய், மாதிரியின் ஒரு நகலிலும் செய், பிறகு ஒப்பிடு. திரையில் காட்டுவது தொடப்படாத மூலம். வெள்ளி வெள்ளியாகவே இருக்கும், கௌரி எப்படி அடித்திருந்தாலும் அகப்படுவாள். ஔவைக்கும் ஒளவைக்கும் இதே வைத்தியம்தான். முதலில் நார்மலைஸ், அதன் பிறகு இது, அந்த வரிசை முக்கியம்.

அப்புறம் பெயர் வரிசை. உற்றார் உறவினர் பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொல்லி சார்ட் போட்டேன்: கண்ணன், கனகா, கமலா என்று வந்தது. நம் வரிசையில் ம-வுக்குப் பிறகுதானே ன, அதுதானே கடைசி மெய்? ஒருங்குறிக் கட்டத்தில் ன என்பது ந-வின் பக்கத்திலும் ற என்பது ர-வின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட இஸ்கி என்ற பழைய அட்டவணையை ஒட்டி அந்தக் கட்டம் அமைந்ததுதான் காரணம். தேவநாகரிக்கு இணையாக எழுத்தை வைத்ததால் நம் வரிசை குலைந்திருக்கிறது. சார்ட்டுக்குள் லோக்கேல்கம்பேர் போட்டு மொழி டிஏ என்று சொன்னால் கண்ணன், கமலா, கனகா. 'அம்மா'வும் 'அமுது'வுக்கு முன்னால் வந்துவிடுகிறது, அகராதியில் இருப்பது போலவே.

06-08-2025

ஐயா, நீங்கள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறியவள்தான், கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய் அடிக்கும் பழக்கம் எனக்கும் போக ஒரு வருடம் ஆயிற்று. 1999-இல் அரசு அறிவித்த தமிழ்99 பலகையில் உயிர் இடது கை, மெய் வலது கை, க அடித்து இ அடித்தால் கி. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும். உச்சரிக்கும் வரிசையிலேயே விரல் போகும். மூன்று வாரம் கை தடுமாறும், அதைத் தாண்டிவிட்டால் பழையதற்குத் திரும்ப மனம் வராது.

தம்பிக்கு இரண்டு விஷயம். கணினியில் கட்டும் பக்கத்தைப் போனில் பார்க்க எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும், கோப்புறைக்குள் போய்ப் பைதானின் எச்டிடிபி சர்வரை ஓடவிட்டு, கணினியின் உள் முகவரியோடு 8000 என்ற எண்ணைச் சேர்த்துப் போன் உலாவியில் அடித்தால் பக்கம் வந்துவிடும். நான் அப்படிப் பார்த்தபோதுதான் தலைப்பில் ரீ-யின் சுழி மேலே வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. ஆங்கில வார்ப்புருவில் வரி உயரம் 1 என்று வைத்திருந்தார்கள். தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும், 1.7 வைத்தேன், பக்கமே மூச்சு விட்டது.

இரண்டாவது, குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழ் கலந்தால் 70. அந்த 70-உம் குறிக்கணக்கு. 'அழைப்பிதழ்' நமக்கு ஆறெழுத்து, அங்கே பத்து இடம் தின்னும். நீளம் போய் இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 67தான். முகூர்த்த நினைவூட்டல் அனுப்பக் கேட்பவர்களுக்கு இப்போது லெங்த் போட்டுப் பார்த்துத்தான் விலை சொல்கிறேன்.

14-08-2025

ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிட்டன, இனி எழுத நேரம் கிடைப்பது கடினம். தேடலில் ஒன்று சேர்த்தேன்: ஸ்ரீ. ஸ வைத்து அடித்தாலும் ஸ்ரீ, 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶ வைத்து அடித்தாலும் அதே வடிவம். என் கணினி ஒன்றை அடிக்கிறது, மகளின் போன் இன்னொன்றை அடிக்கிறது. ஒப்பிடும் நகலில் ஶ-வை எல்லாம் ஸ ஆக்கிவிட்டேன். நேற்று ஒரு பெரியவர் கடை வாசலில் நின்றபடி தன் போனில் பேத்தி பெயரைக் கெளரி என்று, நம் பழைய பாணியில், அடித்தார். நாலு மாதிரியும் வந்தன. அதில் மூன்றாவதைப் பிடித்துப்போய் 300 பிரதிக்கு முன்பணம் கொடுத்துப் போனார்.

தம்பி, க்ஷ பற்றிக் கேட்டிருந்தீர்கள். செக்மென்டர் அதை க், ஷ என்று இரண்டாகவே பிரிக்கிறது. லக்ஷ்மி நமக்கு ல, க்ஷ், மி என்று மூன்று, அதற்கு நாலு. ஒன்றாக எண்ண வேண்டுமானால், பிரித்து முடித்த பட்டியலில் க்-ஐ அடுத்து ஷ-வில் தொடங்குவது வந்தால் இரண்டையும் ஒட்டிவிடுங்கள். ஷ-வாகவே இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள், லக்ஷ்மியில் வருவது ஷ்.